சுவர்ப் பிளக்கிலிருந்து ஃபிளிப்பர் வரை: பின்பால் இயந்திரத்தில் மின்சாரம் எங்கே நிற்கிறது?

ஒரு பின்பால் இயந்திரத்துக்குள் ஒரே நேரத்தில் ஏழெட்டு வகை மின்னழுத்தங்கள் வேலை செய்கின்றன. 1990களில் சிகாகோவின் வில்லியம்ஸ் நிறுவனம் செய்த இயந்திரத்தை எடுத்துக்கொண்டால், கணினிச் சிப்புகளுக்கு 5 வோல்ட், சுவிட்சுகளுக்கு 12 வோல்ட், ஆட்டத்துக்கேற்ப எரிந்து அணையும் விளக்குகளுக்கு 18 வோல்ட், பளிச்சென்று வெட்டும் பெரிய பல்புகளுக்கு 20 வோல்ட், பந்தை அடித்துத் தள்ளும் காயில்களுக்கு 50 வோல்ட் தேவை. ஆடுதளம் முழுவதும் எப்போதும் எரியும் சிறு பல்புகளுக்கு 6.3 வோல்ட் ஏசி போகிறது. புள்ளிகளால் எழுத்தும் படமும் காட்டும் பிளாஸ்மா திரைக்கு 100 வோல்ட்டுக்கும் மேல் வேண்டும். சுவரிலிருந்து வருவது ஒரே மின்சாரம். உள்ளே அது இத்தனையாகப் பிரிகிறது. ‘மிஷின் ஓடவில்லை’ என்ற ஒரே புகாருக்குப் பின்னால் இவற்றில் எந்தக் கிளையும் இருக்கலாம். பழுது பார்ப்பது என்பது, எந்த மின்னழுத்தம் எந்த இடம்வரை சரியாக வந்து எந்த இடத்தில் நின்றுபோனது என்று கண்டுபிடிப்பதுதான்.

இந்தச் சிக்கல் ஒரே நாளில் சேர்ந்ததல்ல. 1933-இல் ஹாரி வில்லியம்ஸ் வடிவமைத்த ‘கான்டாக்ட்’ என்ற ஆட்டத்தில்தான் பந்தை மின்காந்தம் உதைத்து வெளியே தள்ளியது. அதற்கு உலர் மின்கலங்களே போதுமாக இருந்தன. 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’, பந்தைத் திருப்பி அடிக்கும் ஃபிளிப்பர்களைக் கொண்டுவந்தது. ஆடுபவர் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் பெரிய மின்னோட்டம் ஒரு கணம் பாய வேண்டிய தேவை அன்று தொடங்கியது. 1970களின் பிற்பாதியில், மின்காந்தச் சுவிட்சுகளான ரிலேக்களின் இடத்தில் நுண்செயலிகள் வந்தன. காயில்கள் எப்போதும்போல் ஆம்பியர் கணக்கில் மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்க, அவற்றுக்குப் பக்கத்திலேயே அரை வோல்ட் குறைந்தாலும் குழம்பிப்போகும் சிப்புகள் குடியேறின. இன்று வீடுகளில் இருக்கும் பழைய இயந்திரங்களின் மின்கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஒண்டுக்குடித்தனத்தால் வருவதே. மேலும், இவற்றில் பல ஒரு காலத்தில் மதுக்கூடங்களிலும் ஆட்டக்கூடங்களிலும் காலை முதல் நள்ளிரவு வரை காசு வாங்கி உழைத்தவை. சில ஆண்டுகள் ஓடினால் போதும் என்று செய்யப்பட்ட பாகங்கள் முப்பது, நாற்பது ஆண்டுகளாக உள்ளே இருக்கின்றன.

கைவைப்பதற்கு முன்

பின்பால் இயந்திரத்தின் சுவிட்ச், பெட்டியின் அடியில் முன்பக்கம் இருக்கும். அதை அணைத்தால் உள்ளே மின்சாரமே இல்லை என்று நினைப்பது ஆபத்து. பழுதுபார்ப்பவரின் சால்டரிங் அயனுக்காகப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருக்கும் பிளக் பாயின்ட் பல இயந்திரங்களில் சுவிட்சுக்கு முன்பே இணைக்கப்பட்டிருக்கிறது. சுவிட்சை அணைத்தாலும் அதில் சுவர் மின்சாரம் இருக்கும். எனவே அளப்பதைத் தவிர மற்ற எந்த வேலைக்கும் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கும். 1977 முதல் 1980களின் நடுப்பகுதி வரை வந்த பேலி இயந்திரங்களில் திரைக்கான பகுதியில் ஏறத்தாழ 230 வோல்ட் டிசி சேமிக்கப்படுகிறது. அதை மீட்டரால் அளந்து, இறங்கிவிட்டது என்று உறுதி செய்யாமல் அந்தப் போர்டைத் தொடக் கூடாது. கையில் மோதிரமும் உலோகப் பட்டைக் கடிகாரமும் வேண்டாம். மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் ஒரு கையை விலக்கி வைப்பது பழைய, நல்ல பழக்கம்.

எர்த் இணைப்பையும் முதலிலேயே சோதிக்க வேண்டும். பிளக்கின் எர்த் முனைக்கும் இயந்திரத்தின் உலோகக் கதவுக்கும் இடையே மின்தடை ஓர் ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். பழைய அமெரிக்க இயந்திரங்களில் மூன்றாம் முனை வெட்டி எறியப்பட்டிருப்பது அடிக்கடி காணப்படும் கொடுமை. எந்தக் கோளாறைத் தேடிப் போனாலும் இதைச் சரிசெய்துவிட்டே மேலே போக வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் வரை

இயந்திரம் முழுவதுமாக உயிரற்றுக் கிடந்தால் தேட வேண்டிய தூரம் குறைவு. பிளக், சுவிட்ச், இரைச்சல் வடிகட்டி, பிரதான ஃபியூஸ், டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்று என்று ஒரே வரிசையில்தான் பாகங்கள் இருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கி, சுவிட்சைப் போட்ட நிலையில் வைத்து, பிளக்கின் இரு முனைகளுக்கு இடையே மின்தடையை அளந்தால் சில ஓம்கள் காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. ஒவ்வொரு பாகமாகத் தாண்டி அளந்தால் அறுந்த இடம் அகப்படும்.

இந்த வரிசைக்குக் குறுக்கே வாரிஸ்டர் என்ற சிறு வட்டமான பாகம் இருக்கும். மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் அது தன்னைக் குறுக்குச்சுற்றாக்கிக்கொண்டு ஃபியூஸை எரியவிடும். அமெரிக்காவின் 115 வோல்ட்டுக்கு அமைத்த இயந்திரத்தை 230 வோல்ட் உள்ள நாட்டில் அப்படியே செருகினால் முதலில் போவது இதுதான். டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றுகள் இரண்டும் 115 வோல்ட்டில் பக்க இணைப்பிலும், 230 வோல்ட்டில் தொடர் இணைப்பிலும் இருக்க வேண்டும். மாற்றும்போது வாரிஸ்டரையும் உயர்ந்த அளவுள்ளதாக மாற்ற வேண்டும். பிரதான ஃபியூஸின் அளவும் ஏறக்குறையப் பாதியாகும். இந்தியா, இலங்கை, ஐரோப்பிய நாடுகள் போன்ற 230 வோல்ட் இடங்களுக்கு அமெரிக்காவிலிருந்து பழைய இயந்திரத்தை வரவழைப்பவர்கள் முதலில் திறந்து பார்க்க வேண்டியது இந்த இணைப்பைத்தான்.

டிரான்ஸ்ஃபார்மர் கெடுவது அரிது. இரும்பும் செம்புமாக இருக்கும் அந்தக் கனமான பாகத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் மற்ற எல்லாவற்றையும் சோதித்திருக்க வேண்டும்.

ஃபியூஸ் சொல்லும் செய்தி

ஃபியூஸ் எரிந்ததும் வேறொன்றைப் போடுவது இயல்பு. ஆனால் எரிந்த ஃபியூஸ் ஒரு தகவலைத் தருகிறது. அதைப் படிக்காமல் குப்பையில் போடுவது வேலையைக் கடினமாக்கும். கண்ணாடிக் குழாயின் உட்புறம் கறுத்தோ வெள்ளிப் பூச்சுபோல் பளபளத்தோ இருந்தால் முழுக் குறுக்குச்சுற்று நேர்ந்திருக்கிறது. கம்பி நடுவில் மெல்ல உருகி அறுந்து, கண்ணாடி தெளிவாகவே இருந்தால் அளவுக்குச் சற்று மேலான மின்னோட்டம் நெடுநேரம் ஓடியிருக்கிறது அல்லது ஃபியூஸே வயதாகித் தளர்ந்திருக்கிறது.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யக் கூடாது. கம்பி உலோக மூடிக்குள் அறுந்திருந்தால் வெளியே தெரியாது. அதைக் கழற்றி எடுத்து மீட்டரில் அளக்க வேண்டும். இருந்த இடத்திலேயே அளந்தால் வேறு வழியாகச் சுற்று முழுமையடைந்து பொய்யான விடை வரும். ஃபியூஸைப் பிடிக்கும் கவ்விகளும் நாளடைவில் இளகும். ஃபியூஸ் நல்லதாக இருந்து, கவ்வி தளர்ந்து, மின்சாரம் வராமல் போவது பலரை மணிக்கணக்கில் அலையவிட்ட கோளாறு.

எந்த நேரத்தில் எரிகிறது என்பதும் முக்கியம். சுவிட்சைப் போட்ட உடனே எரிந்தால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயரோ, காயிலை இயக்கும் டிரான்சிஸ்டரோ குறுக்குச்சுற்றாகியிருக்கும். ஆட்டத்தின் நடுவே, ஒரு குறிப்பிட்ட காயில் அடிக்கும்போது மட்டும் எரிந்தால் அந்தக் காயிலையும் அதன் வயர்களையும் பார்க்க வேண்டும். பெரிய அளவு ஃபியூஸ் போட்டால் தற்காலிகமாக ஓடும். அடுத்து எரிவது போர்டிலுள்ள செப்புத் தடமோ வயரோ ஆகும். ஆம்பியர் அளவோடு, மெதுவாக எரியும் வகையா விரைந்து எரியும் வகையா என்பதையும் கையேட்டில் சொன்னபடியே போட வேண்டும்.

மீண்டும் மீண்டும் ஃபியூஸை எரித்துப் பார்ப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. தமிழ்நாட்டு எலக்ட்ரீஷியன்கள் சீரீஸ் லாம்ப் என்று வைத்திருக்கும் எளிய கருவியே அது: பழைய இழைப் பல்பு ஒன்றைத் தொடரில் கோத்து, அதன் வழியாக இயந்திரத்துக்கு மின்சாரம் தருவது. உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், மின்னோட்டம் கட்டுக்குள் இருக்கும், எதுவும் கருகாது. பிறகு ஒவ்வொரு கனெக்டராகக் கழற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு. எதைக் கழற்றியதும் பல்பு மங்குகிறதோ அந்தக் கிளையில்தான் கோளாறு.

ஆட்டத்தின் நடுவே அணைந்து எரியும் இயந்திரம்

1990 முதல் வில்லியம்ஸ் பயன்படுத்திய மின்னணு அமைப்பில் ஒரு கோளாறு உலகப் புகழ் பெற்றது. ஆட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். ஆடுபவர் இரண்டு ஃபிளிப்பர் பொத்தான்களையும் ஒன்றாக அழுத்துவார். திரை அணையும், இயந்திரம் சுவிட்ச் போட்டதுபோல் முதலிலிருந்து தொடங்கும், சேர்த்த புள்ளிகள் அத்தனையும் போய்விடும். 1992-இல் பேட் லாலரும் லாரி டிமாரும் உருவாக்கி 20,000-க்கும் மேல் விற்ற ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ உட்பட அந்தத் தலைமுறையின் எல்லா இயந்திரங்களுக்கும் இது பொது. சற்று நின்று இதைப் புரிந்துகொண்டால் மற்றக் கோளாறுகளில் பாதி தானாகப் புரியும்.

சிப்புகளுக்கான 5 வோல்ட் இப்படி உருவாகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு சுற்று 9 வோல்ட் ஏசி தருகிறது. பிரிட்ஜ் ரெக்டிஃபயர் என்ற, நான்கு டையோடுகள் அடங்கிய சதுரமான பாகம் அதை ஒரே திசையில் ஓடும் துடிப்புகளாக மாற்றுகிறது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் நொடிக்கு 120 துடிப்புகள். துடிப்புகளுக்கு இடையிலான பள்ளத்தை 15,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் நிரப்புகிறது; விட்டுவிட்டு வரும் குழாய்த் தண்ணீரை வாங்கிச் சீராக இறக்கும் மேல்நிலைத் தொட்டியின் வேலை அதற்கு. கடைசியில் ரெகுலேட்டர் சிப் மிச்ச ஏற்ற இறக்கத்தை வெட்டி, சரியாக 5 வோல்ட்டைத் தருகிறது. அந்த ரெகுலேட்டர் ஒழுங்காக வேலை செய்ய அதன் உள்வாயிலில் ஏறத்தாழ 7.5 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

கணக்கு போட்டால் நிலைமை விளங்கும். 9 வோல்ட் ஏசியின் உச்சம் 12.7 வோல்ட். இரண்டு டையோடுகளைக் கடக்கும்போது 2 வோல்ட் அளவுக்குப் போனால் 10.7 மிஞ்சும். சிப்புகள் 2.5 ஆம்பியர் எடுத்தால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட 8.3 மில்லிநொடியில் 15,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் மின்னழுத்தம் 1.4 வோல்ட் அளவுக்கு இறங்கும். ஆகவே பள்ளத்தின் அடிமட்டம் 9.3 வோல்ட். 7.5-க்கு மேல் நன்றாகவே இடம் இருக்கிறது. இப்போது சுவர் மின்சாரம் 10 சதவீதம் குறைகிறது என்று கொள்வோம்: உச்சம் 11.4, டையோடுகளுக்குப் பிறகு 9.4, அடிமட்டம் 8. இன்னும் தப்பிக்கலாம். ஆனால் கெப்பாசிட்டர் வயதாகிப் பாதித் திறனை இழந்திருந்தால் இறக்கம் 2.8 வோல்ட்டாகிறது, அடிமட்டம் 6.6-க்குப் போகிறது. ரெகுலேட்டரால் 5 வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்க முடியாது. நொடிக்கு 120 முறை 5 வோல்ட் சற்றே சறுக்குகிறது.

அந்தச் சறுக்கலைக் கவனித்துக்கொண்டே ஒரு சிறு சிப் போர்டில் இருக்கிறது. 5 வோல்ட் ஏறத்தாழ 4.6-க்குக் கீழே போனால், தவறான கணக்குப் போட்டுக் காயில்களைத் தாறுமாறாக இயக்குவதைவிட மேல் என்று அது நுண்செயலியை நிறுத்தி மறுபடி தொடங்கச் செய்கிறது. ஆக, அணைந்து எரிவது கணினியின் கோளாறன்று. கணினி தன்னைக் காத்துக்கொள்கிறது. நுண்செயலிப் போர்டை விலை கொடுத்து மாற்றியும் கோளாறு தீராமல் பலர் திகைப்பதற்குக் காரணம் இதுவே.

ஃபிளிப்பருக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஃபிளிப்பர் காயிலில் இரண்டு சுற்றுகள் உண்டு. அடிக்கும் சுற்றின் மின்தடை 4 ஓம் அளவுதான். தூக்கிய நிலையில் பிடித்திருக்கும் சுற்றுக்கு 100 ஓமுக்கு மேல். 50 வோல்ட்டில் 4 ஓம் என்றால் 12 ஆம்பியருக்கு மேல். இரண்டு ஃபிளிப்பர்கள் ஒன்றாக அடித்தால் அந்த ஒரு கணத்தில் ஆயிரம் வாட்டுக்கு மேல். எல்லாச் சுற்றுகளும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பதால், 50 வோல்ட் கிளை இழுக்கும்போது 9 வோல்ட் கிளையும் சேர்ந்து தாழ்கிறது. நல்ல நிலையில் உள்ள இயந்திரத்தில் மேலே கணக்கிட்ட உபரி அந்தத் தாழ்வைத் தாங்கிக்கொள்ளும். பழைய இயந்திரத்தில் உபரி ஏற்கெனவே கரைந்துபோயிருக்கிறது.

கரைக்கும் இடங்கள் பல, ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் எடுக்கும். சுவரில் மின்னழுத்தக் குறைவு ஒன்று. இயந்திரத்துக்கு நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மின்சாரம் தந்தால் அது இன்னும் கூடும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து போர்டுக்கு வரும் கனெக்டரின் கறுத்த முள் இன்னொன்று. ரெக்டிஃபயருக்குள் ஒரு டையோடு திறந்துபோனால் பாதித் துடிப்புகள் காணாமல் போய், கெப்பாசிட்டர் இருமடங்கு நேரம் தாக்குப்பிடிக்க வேண்டியிருக்கும். கெப்பாசிட்டர் கனமானது, இயந்திரத்தை வண்டியில் ஏற்றி இறக்கும்போது அதன் கால்களைச் சுற்றியுள்ள சால்டரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். ரெக்டிஃபயரின் சூடும் அதேபோல் சால்டரைச் சிதைக்கும். கடைசியாக, மின்போர்டிலிருந்து கணினிப் போர்டுக்கு 5 வோல்ட்டைக் கொண்டுசெல்லும் கனெக்டர்.

வரிசையாக அளந்தால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். முதலில் சுவரில் ஏசி. அடுத்து மின்போர்டிலுள்ள 5 வோல்ட் சோதனை முனை, 4.9-க்குக் கீழே இருந்தால் ஐயப்பட வேண்டும். பிறகு கணினிப் போர்டில் அதே 5 வோல்ட், இரண்டுக்கும் 0.1 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் இடையிலுள்ள கனெக்டரே காரணம். அதன் பின் பெரிய கெப்பாசிட்டரின் மீது டிசி எவ்வளவு என்றும், மீட்டரை ஏசியில் வைத்து அலைவு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். மேற்சொன்ன 1.4 வோல்ட் ஏற்றஇறக்கம் மீட்டரில் அரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். ஒரு வோல்ட்டை நெருங்கினால் கெப்பாசிட்டரோ ரெக்டிஃபயரோ அவற்றின் சால்டரோ கெட்டிருக்கிறது. இந்த அளவுகளை எல்லாம் இயந்திரம் ஓடும்போது, முடிந்தால் ஃபிளிப்பரை வேறொருவர் அழுத்தும்போது எடுக்க வேண்டும். சுமையில்லாமல் அளந்தால் நோயுள்ள கிளையும் நலமாகவே தெரியும்.

ரெக்டிஃபயரையும் கெப்பாசிட்டரையும் மாற்றுவதோடு, இரண்டுக்கும் இடையே தனி வயர் போட்டு இணைத்துவிடுவது தேர்ந்த பழுதுபார்ப்பவர்களின் வழக்கம். போர்டின் செப்புத் தடமும் துளைகளும் பலவீனமாகிவிட்ட நிலையில் இது நியாயமான முன்னெச்சரிக்கை. ஆனால் அளக்காமல் எல்லாப் பாகங்களையும் கண்மூடித்தனமாக மாற்றும் பழக்கம் நல்லதல்ல. பழைய போர்டை ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் அதன் செப்புத் தடம் பெயரும் வாய்ப்பு கூடுகிறது; நன்றாக இருந்த இடத்தில் புதிய கோளாறு முளைக்கிறது.

கருகும் கனெக்டர்கள்

ஆடுதளத்தில் எப்போதும் எரியும் சிறு பல்புகள் பார்ப்பதற்குச் சாதுவானவை. 6.3 வோல்ட் பல்பு ஒன்று 0.25 ஆம்பியர் எடுக்கும். 18 பல்புகள் சேர்ந்தால் 4.5 ஆம்பியர். அவ்வளவும் கனெக்டரின் ஓரிரு முட்கள் வழியே, ஆட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், இடைவிடாமல் ஓடுகிறது. காயில் இழுப்பது ஒரு கணம். பல்பு இழுப்பது நாள் முழுவதும்.

முள்ளுக்கும் அதைக் கவ்வும் உலோகத்துக்கும் இடையே 0.1 ஓம் மின்தடை சேர்ந்தாலே போதும். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும்: 4.5 ஆம்பியருக்கு 2 வாட். ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு இடைவெளியில் அமைந்த முள்ளுக்கு அது பெரிய சூடு. சூடு கவ்வியின் இறுக்கத்தைக் குறைக்கும். இறுக்கம் குறைந்தால் மின்தடை கூடும். மின்தடை கூடினால் சூடும் கூடும். பிளாஸ்டிக் பழுப்பாகி, கருகி, கடைசியில் ஒரு பகுதி விளக்குகள் மொத்தமாக அணையும். கனெக்டரை அசைத்தால் எரியும், விட்டால் அணையும்.

கவ்விப் பக்கத்தை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. போர்டிலுள்ள முட்களும் ஆக்ஸைடு படிந்திருக்கும்; புதுக் கவ்வியை அவை சில மாதங்களில் எரித்துவிடும். இரண்டு பக்கமும் மாற வேண்டும். வயரை அமுக்கிச் செருகும் வகைக் கனெக்டருக்குப் பதில், கிரிம்ப் செய்து மூன்று பக்கம் கவ்வும் முட்களைப் போடுவது நெடுங்காலத் தீர்வு. பல்பையும் மாற்றலாம்: 0.25 ஆம்பியர் பல்புக்குப் பதில் 0.15 ஆம்பியர் பல்பு போட்டால் கனெக்டரின் சூடு 36 சதவீதமாகக் குறையும். எல்இடி போட்டால் சூடு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்கு இறங்கிவிடும்.

கிரவுண்ட் வயரில் சேரும் மின்தடை இதைவிட நயமான தொல்லை தரும். காயில்கள் இழுத்த மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழியில் 0.1 ஓம் இருந்து, 5 ஆம்பியர் ஓடினால், பூஜ்யம் என்று போர்டு நம்பும் இடம் அரை வோல்ட் உயர்ந்து நிற்கும். சிப் அதையே அடித்தளமாகக் கொண்டு கணக்கிடுவதால் இல்லாத சுவிட்ச் அழுத்தம் இருப்பதாகத் தெரியும். வேண்டாத காயில் அடிக்கும். 1980களின் தொடக்கத்து காட்லீப் இயந்திரங்கள் இதற்குப் பேர்போனவை. அவற்றில் கிரவுண்ட் இணைப்புகளைத் தடித்த வயரால் வலுப்படுத்துவதுதான் முதல் வேலை.

காயில்கள் மட்டும் அடிக்காவிட்டால்

விளக்குகள் எரிகின்றன, ஓசை வருகிறது, ஆனால் ஒரு காயிலும் அசையவில்லை என்றால் 50 வோல்ட் கிளை செத்திருக்கிறது. அதைத் தேடுவதற்கு முன் காசுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து வந்த இயந்திரங்களில், கதவைத் திறந்தாலே உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் உண்டு. கதவைத் திறந்துவைத்துக்கொண்டே ஃபிளிப்பர் ஏன் அசையவில்லை என்று போர்டைக் கழற்றியவர்கள் உண்டு.

ஒரே ஒரு காயில் சுவிட்ச் போட்டதும் இழுத்து, விடாமல் பிடித்துக்கொண்டால் உடனே அணைக்க வேண்டும். சில நொடிகளில் காயில் புகையும். காயிலை இயக்கும் டிரான்சிஸ்டர் குறுக்குச்சுற்றாகியிருப்பதே பெரும்பாலும் காரணம். டிரான்சிஸ்டரை மாற்றுவதற்கு முன் காயிலின் மின்தடையை அளக்க வேண்டும். 2 ஓமுக்கும் கீழே இருந்தால் உள்ளே எனாமல் கருகிச் சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காயிலோடு புது டிரான்சிஸ்டரை இணைத்தால் அதுவும் உடனே போகும். காயிலின் இரு முனைகளுக்கிடையே ஒரு டையோடு இருக்கும். மின்னோட்டம் நிற்கும்போது காயில் எழுப்பும் மின்னழுத்த எழுச்சியை அது விழுங்கிவிடும். காயிலை மாற்றும்போது வயர்களைத் திருப்பிப் போட்டால் அந்த டையோடு வழியாகக் குறுக்குச்சுற்று ஏற்படும். டையோடின் கால் ஒடிந்திருந்தால், எழுச்சி தடுப்பார் இல்லாமல் போர்டுக்குப் போய் டிரான்சிஸ்டரைக் கொல்லும். இயந்திரத்தை அணைந்து எரியவும் வைக்கும். சில ரூபாய் பெறுமான அந்த டையோடைச் சோதிக்காமல் போர்டைப் பழுதுபார்க்கக் கூடாது.

பழைய ஃபிளிப்பர்களில் வீச்சின் முடிவில் திறக்கும் ஒரு சுவிட்ச், மின்னோட்டத்தை 4 ஓம் சுற்றிலிருந்து பிடிக்கும் சுற்றுக்கு மாற்றுகிறது. அந்தச் சுவிட்ச் திறக்காவிட்டால், பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை 600 வாட் காயிலில் இறங்கும். ஃபியூஸ் எரிந்தால் அது நல்ல காலம்.

மற்ற தலைமுறைகள்

1977 முதல் 1980களின் நடுப்பகுதி வரை வந்த பேலி இயந்திரங்கள் ஒரு நல்ல உதவியைச் செய்கின்றன. சுவிட்ச் போட்டதும் கணினிப் போர்டிலுள்ள சிறு எல்இடி ஒருமுறை மினுக்கிவிட்டு ஏழு முறை சிமிட்டும். ஒவ்வொரு சிமிட்டலும் ஒரு சோதனையில் தேறியதற்கு அடையாளம். ஆறு சிமிட்டலோடு நின்றால், காயில்களுக்கான 43 வோல்ட் போர்டுக்கு வரவில்லை என்பதே முதல் ஐயம். ஏழாவது சோதனை அந்த மின்னழுத்தத்தின் துடிப்பை எண்ணிப் பார்க்கிறது. ஆகவே சிப்புகளைத் தொடாமல், ரெக்டிஃபயர் போர்டிலுள்ள காயில் ஃபியூஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நுண்செயலிக்கு முந்திய இயந்திரங்களில் போர்டு கிடையாது. ரிலேக்களும் நூற்றுக்கணக்கான தொடுமுனைகளும் பெரும்பாலும் 24 முதல் 50 வோல்ட் வரையிலான ஏசியில் இயங்குகின்றன. டிரான்ஸ்ஃபார்மரும் ஃபியூஸும் சரியாக இருந்தால் மீதியெல்லாம் அழுக்கேறிய தொடுமுனைகளே. மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, இடைவெளியைச் சரிசெய்தால் போதும்.

2015-க்குப் பின் ஸ்டெர்ன் நிறுவனம் செய்யும் இயந்திரங்களில் நிலைமை எதிர்முனை. கனத்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லை; சுவிட்சிங் வகை மின்வழங்கி 48 வோல்ட் தர, ஆடுதளத்தின் கீழ் பரவியுள்ள சிறு போர்டுகள் தங்களுக்கு வேண்டியதைப் பிரித்துக்கொள்கின்றன. அங்கே பாகத்தைவிடப் போர்டையே மாற்றுவதுதான் நடைமுறை.

நினைவகத்துக்கான பேட்டரி உள்ள இயந்திரங்களில் அதை மறக்கக் கூடாது. கசிந்த பேட்டரித் திரவம் போர்டின் செப்பைத் தின்று, சுற்றியுள்ள சிப்புகளின் கால்களைப் பச்சையாக்கும். மின்வழங்கியில் எல்லா அளவும் சரியாக இருந்தும் இயந்திரம் உயிர்பெறாவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். பேட்டரியைப் போர்டிலிருந்து விலக்கி, வயரின் முனையில் தொங்கவிடுவது செலவில்லாத பாதுகாப்பு.

பழுது தீர்ந்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. இயந்திரத்தைக் குறைந்தது ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சூடேறிய நிலையில் மின்னழுத்தங்களை மறுபடி அளந்து, தேதியோடு ஒரு தாளில் எழுதி மேல்பெட்டிக்குள் ஒட்டிவைக்க வேண்டும். சுவரில் எவ்வளவு, 5 வோல்ட் முனையில் எவ்வளவு, ஃபிளிப்பர் அடிக்கும்போது எவ்வளவு, எந்த ஃபியூஸ் எந்த அளவு என்ற குறிப்புகள் போதும். அடுத்த முறை இயந்திரம் நிற்கும்போது, அதைத் திறப்பவர் யாராக இருந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு ஓர் அளவு கிடைக்கும்.